பி.எஃப். எடுத்ததில் 10% பிடித்துவிட்டார்கள். வரி அதோடு முடிந்ததா?

நிலா_திருப்பூர் | 2024 ஜூலை 4

எல்லாருக்கும் வணக்கம். பி.எஃப். பணத்தில் டி.டி.எஸ். (கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடித்தது பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் 2020 ஜூன் முதல் 2023 ஜூன் வரை வேலை பார்த்தேன். குழந்தை பிறந்ததால் நின்றுவிட்டேன். அக்டோபரில் ஆன்லைனில் பி.எஃப். முழுவதையும் எடுக்கும் படிவம் 19 போட்டேன். பாஸ்புக்கில் 91,600 ரூபாய் இருந்தது. வங்கிக்கு வந்தது 82,440 தான். மீதி 9,160 டி.டி.எஸ். என்று காட்டுகிறது.

அதற்கு முன்னால் வேறொரு கம்பெனியில் 2018 பிப்ரவரி முதல் 2020 ஜனவரி வரை இருந்தேன். அந்த பி.எஃப்., சுமார் 45,000, கொரோனா சமயத்தில் எடுத்தேன். அப்போது ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. இப்போது மட்டும் ஏன்? சம்பளம் மாதம் 22,000 தான் வாங்கினேன். இதுவரை ரிட்டர்ன் போட்டதே இல்லை. இந்தப் பணம் போனது போனதுதானா?

காவிரிக்கரை | ஜூலை 4

ஐந்து வருஷம் ஆகாமல் எடுத்தால் பிடிப்பாங்க சகோதரி. கிளெய்ம் போடும்போதே "எனக்கு வரி வராது, பிடிக்காதீங்க"ன்னு உறுதி சொல்ற 15ஜி படிவம் அப்லோடு பண்ணியிருந்தால் பிடிச்சிருக்க மாட்டாங்க. இப்போ ரிட்டர்ன் போட்டுத்தான் வாங்கணும்.

மதுரை_வரிக்கணக்கு | ஜூலை 4

நிலா அம்மா, பதற வேண்டாம். நீங்கள் சொன்ன சம்பளத்தை வைத்துப் பார்த்தால் அந்த 9,160 முழுவதும் உங்களுக்குத் திரும்பி வர வேண்டிய பணம். ஆடிட்டர் ஆபீஸில் பல வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். உங்களைப் போன்ற சம்பளக்காரர்கள் "கவர்மென்ட் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்" என்று விட்டுவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வருமான வரிச் சட்டத்தில் 192ஏ என்று ஒரு பிரிவு 2015 ஜூன் 1 முதல் இருக்கிறது. தொடர்ந்து ஐந்து வருஷம் வேலை பார்க்காமல் பி.எஃப். இருப்பை எடுத்தால், தொகை 50,000 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது 10% பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். முதலில் வரம்பு 30,000 ஆக இருந்தது, 2016 ஜூனில் 50,000 ஆக்கினார்கள். உங்கள் பழைய 45,000 அந்த வரம்புக்குள் இருந்ததால் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் வரி கிடையாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வருமானம் குறைவு என்பதால்தான் அப்போது வரி வரவில்லை.

ஒரு விஷயத்தை மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தப் பழைய பி.எஃப்.-ஐ எடுக்காமல் புதுக் கம்பெனிக் கணக்குக்கு மாற்றியிருந்தால் 24 மாதமும் 37 மாதமும் சேர்ந்து 61 மாதம் ஆகியிருக்கும். ஐந்து வருஷம் தாண்டியதால் பிடித்தமும் இல்லை, வரியும் இல்லை. பழைய கம்பெனியில் இருந்த காலம், அங்கிருந்து பணம் மாறி வந்திருந்தால்தான் கணக்கில் சேரும். பணத்தை எடுத்துவிட்டால் அந்த சர்வீஸ் இந்தக் கணக்குக்கு உதவாது.

இப்போது உங்கள் 91,600-ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் பி.எஃப். சம்பளம் எவ்வளவு? பாஸ்புக்கில் மூன்று பத்தி இருக்கும்: தொழிலாளி பங்கு, நிறுவனப் பங்கு, பென்ஷன் பங்கு. அதைப் பார்த்து எழுதுங்கள்.

நிலா_திருப்பூர் | ஜூலை 5

ரொம்ப நன்றி ஐயா. பேசிக், டி.ஏ. சேர்த்து 14,000. என் பங்கு மாதம் 1,680. நிறுவனப் பங்கு 514 என்று போட்டிருக்கிறது, பென்ஷன் 1,166. மொத்தத்தில் என் பங்கு 62,160, அதற்கு வட்டி 7,980. நிறுவனப் பங்கு 19,018, அதற்கு வட்டி 2,442. கம்பெனியும் 12% போடுவதாகத்தானே சொன்னார்கள்? ஏன் 514 மட்டும்?

மதுரை_வரிக்கணக்கு | ஜூலை 5

கம்பெனி போடுவதும் 1,680 தான் அம்மா. அதில் 8.33% பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும், மிச்சமுள்ள 3.67% தான் பி.எஃப்.-இல் ஏறும். பென்ஷன் பணத்துக்குப் படிவம் 10சி தனி.

இதில் உங்கள் சம்பளத்திலிருந்து போன 62,160 வருமானமே அல்ல. அது ஏற்கெனவே உங்கள் வருமானக் கணக்கில் வந்துபோன பணம். நிறுவனப் பங்கும் அதன் வட்டியும் சேர்ந்த 21,460 சம்பளம் மாதிரி. உங்கள் பங்குக்கு வந்த வட்டி 7,980 இதர வருமானம். ஆக வரிக்கு உட்பட்டது 29,440 மட்டும். பிடித்ததோ மொத்தம் 91,600-க்கும் 10%. டி.டி.எஸ். என்பது முன்கூட்டி எடுத்து வைக்கும் தொகை. உண்மையான வரி எவ்வளவு என்று ரிட்டர்னில்தான் முடிவாகும். வித்தியாசம் உங்கள் பக்கம் இருந்தால் அவர்கள் தர வேண்டும், அவர்கள் பக்கம் இருந்தால் நீங்கள் கட்ட வேண்டும்.

ஐந்து வருஷத்துக்குள் எடுத்தால் வரியை எப்படிப் போடுவது என்று சட்டத்தின் நான்காவது அட்டவணையில் 9-ஆம் விதி சொல்கிறது. அந்த பி.எஃப்.-க்கு வரிச் சலுகைக்கான அங்கீகாரம் முதலிலிருந்தே இல்லை என்று வைத்துக்கொண்டு, நீங்கள் வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் எவ்வளவு வரி கூடியிருக்கும் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மாதம் 22,000 என்றால் வருஷம் 2,64,000. சம்பளக்காரர்களுக்குப் பொதுவாகத் தரும் நிலைக்கழிவு 50,000 போனால் 2,14,000. அந்த வருஷத்து நிறுவனப் பங்கையும் வட்டியையும் சேர்த்தாலும் வரி தொடங்கும் 2,50,000-ஐத் தொடாது. எல்லா வருஷமும் வரி பூஜ்யம். அதனால்தான் முழுத் தொகையும் திரும்ப வரும் என்றேன்.

செய்ய வேண்டியது: வருமான வரித் தளத்தில் 26ஏ.எஸ். (உங்கள் பானில் பிடித்த வரிப் பட்டியல்) எடுத்து 192ஏ என்ற பிரிவில் 9,160 இருக்கிறதா பாருங்கள். ரிட்டர்னுக்கு ஐ.டி.ஆர்.-2 எடுங்கள். அதில் இதர வருமான அட்டவணையில் 111-ஆம் பிரிவுப்படி பி.எஃப். இருப்புக்கென்று தனி இடம் இருக்கிறது. வருஷம் வாரியாக வருமானம் எவ்வளவு, வரி எவ்வளவு என்று கேட்கும். உங்களுக்கு 2021-22 முதல் 2024-25 வரை நான்கு மதிப்பீட்டு ஆண்டுகள் (வருமானம் வந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு), வரிப் பத்தியில் எல்லாம் 0. வங்கிக் கணக்கை அந்தத் தளத்தில் முன்னதாகச் சரிபார்த்து வையுங்கள். பான், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ரீஃபண்டு வராது. போட்ட பிறகு 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. கொடுத்து உறுதி செய்யுங்கள். ஜூலை 31 கடைசி நாள். தவறினாலும் டிசம்பர் 31 வரை போடலாம், ஆனால் ரீஃபண்டு வட்டியில் குறையும்.

ராகவ்_நெல்லை | ஜூலை 6

மதுரை சார், இதைப் படித்ததும் எனக்குக் கவலை வந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து 2019-ல் திரும்பி, சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஏப்ரல் 2019 முதல் மே 2023 வரை இருந்தேன். இந்தியாவில் அதுதான் முதல் வேலை. பிறகு சொந்த ஊரில் தொழில் தொடங்க ஆகஸ்டில் பி.எஃப். மொத்தமும் எடுத்தேன். 8,43,000. அதில் 84,300 பிடித்தார்கள். கிளெய்ம் போட்டுக் கொடுத்த ஏஜென்சியில், "வரி கட்டியாச்சு சார், இனி ரிட்டர்னில் காட்ட வேண்டியதில்லை" என்றார்கள். என் பங்கு 3,60,000, நிறுவனப் பங்கு 3,60,000, இரண்டுக்கும் வட்டி தலா 61,500. பேசிக் 60,000. நான் 30% வரம்பில் இருந்தவன்.

மதுரை_வரிக்கணக்கு | ஜூலை 6

ராகவ் தம்பி, உங்களுக்கு நிலைமை நேர் எதிர். நல்லவேளை, இன்னும் நாள் இருக்கிறது.

முதல் வேலை, பேசிக் 15,000-க்கு மேல். 2014 செப்டம்பருக்குப் பிறகு இப்படிச் சேர்ந்தவர்களுக்குப் பென்ஷன் திட்டம் கிடையாது, அதனால் நிறுவனத்தின் 12% முழுதும் பி.எஃப்.-இல் ஏறியிருக்கிறது. வரிக்கு உட்பட்டது நிறுவனப் பங்கு 3,60,000, இரண்டு வட்டியும் 1,23,000, ஆக 4,83,000. எல்லா வருஷமும் 30% வரம்பு என்றால் வரியின் மேல் போடும் செஸ் சேர்த்து 31.2%. வரி 1,50,696. பிடித்தது 84,300. இன்னும் 66,396 பாக்கி.

இதோடு நிற்காது. உங்கள் பங்கான 3,60,000-ஐ ஒவ்வொரு வருஷமும் சேமிப்புக்கான 80சி கழிவில் காட்டிக் கழித்தீர்களா? வருஷத்துக்கு 86,400. அங்கீகாரம் இல்லாத ஃபண்டு என்று வைத்துக் கணக்குப் போடும்போது அந்தக் கழிவு நிற்காது. எல்.ஐ.சி., வீட்டுக் கடன் அசல் என்று வேறு வகையில் 1,50,000 நிரம்பியிருந்தால் பிரச்சினை இல்லை. பி.எஃப். மட்டும்தான் என்றால் இன்னொரு 1,12,320 சேரும்.

ராகவ்_நெல்லை | ஜூலை 6

பி.எஃப். தவிர வேறு எதுவும் இல்லை சார். பெரிய தொகையாக வருகிறதே. தொழிலுக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டேன்.

பொன்னி_ஈரோடு | ஜூலை 7

ராகவ் அண்ணா, 80சி-யைத் திருப்பிக் கணக்குப் போடுவதெல்லாம் யாரும் செய்வதில்லை. என் கணவர் ஆபீஸில் எத்தனையோ பேர் எடுத்தார்கள். 10% பிடித்ததோடு சரி, யாரையும் யாரும் கேட்கவில்லை. நீங்களாகப் போய் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?

மதுரை_வரிக்கணக்கு | ஜூலை 7

பொன்னி அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்த யோசனை அவரைக் காப்பாற்றாது. 2021 நவம்பரிலிருந்து வருடாந்திரத் தகவல் அறிக்கை, ஏ.ஐ.எஸ். வந்துவிட்டது. அவர் 8,43,000 எடுத்ததும் 84,300 பிடித்ததும் 192ஏ என்ற குறியோடு அவர் பானில் ஏறியிருக்கும். ரிட்டர்னில் அந்த வருமானம் இல்லாமல் டி.டி.எஸ். மட்டும் உரிமை கோரினாலும், இரண்டையுமே காட்டாமல் விட்டாலும், இயந்திரமே ஒப்பிட்டுக் கேட்கும். அப்போது வட்டியோடு அபராதமும் சேரலாம். குறைத்துக் காட்டிய வருமானத்துக்கு 270ஏ பிரிவில் அபராதம் அந்த வரியில் 50%. புதிதாகத் தொழில் தொடங்கி வங்கிக் கடனுக்குப் போகிறவருக்கு ரிட்டர்ன் சுத்தமாக இருப்பது முக்கியம்.

ராகவ், கணக்கு இப்படி வரும்: 1,50,696-உடன் 1,12,320 சேர்த்தால் 2,63,016. பிடித்த 84,300 போக 1,78,716. நீங்கள் 30% வரம்பில் இல்லாத மாதங்கள் ஏதாவது இருந்தால் குறையும். குறிப்பாக 2023 ஏப்ரல், மே வேலை பார்த்த வருஷத்தில் உங்கள் மொத்த வருமானமே குறைவு, அந்த இரண்டு மாதப் பங்குக்கும் அந்த வருஷத்து வட்டிக்கும் வரி விகிதம் மாறும். அதனால்தான் வருஷம் வாரியாகப் போட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பாஸ்புக்கை ஆண்டு ஆண்டாக இறக்கி, அந்தந்த வருஷப் படிவம் 16-ஐ (கம்பெனி தரும் சம்பள, வரிச் சான்று) பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாமதத்துக்கு ஏப்ரல் முதல் மாதம் 1% வட்டி 234பி-யில் ஓடுகிறது, முன்வரித் தவணை தவறியதற்கு 234சி வட்டியும் உண்டு. முடிந்த அளவு இந்த மாதமே சுய மதிப்பீட்டு வரியாகக் கட்டுங்கள். தொழில் வருமானம் இருப்பதால் உங்களுக்கு ஐ.டி.ஆர்.-3. 111-ஆம் பிரிவு இடம் அதிலும் இருக்கிறது. நல்ல ஆடிட்டரிடம் நேரில் காட்டி முடியுங்கள். இது கிளெய்ம் போட்டுக் கொடுக்கும் கடைகளில் கேட்கும் விஷயமல்ல.

ராகவ்_நெல்லை | ஜூலை 7

கட்டிவிடுகிறேன் சார். தொகை கஷ்டம்தான். ஆனால் என்ன வருகிறது என்று தெரிந்துவிட்டது. நாளை பாளையங்கோட்டையில் ஒருவரைப் பார்க்கப் போகிறேன்.

பாலாறு | ஜூலை 9

என் அப்பா 27 வருஷம் ஒரே தோல் தொழிற்சாலையில் இருந்து 2021 மார்ச்சில் 58 வயதில் ஓய்வு பெற்றார். பி.எஃப்.-ஐ உடனே எடுக்கவில்லை, வட்டி வரட்டும் என்று இரண்டு வருஷம் விட்டுவைத்தார். ஐந்து வருஷத்துக்கு மேல் என்பதால் எல்லாமே வரி இல்லாததுதானே?

மதுரை_வரிக்கணக்கு | ஜூலை 9

ஓய்வு பெற்ற நாள்வரை சேர்ந்த தொகைக்கு வரி இல்லை. அதற்குப் பிறகு ஏறிய வட்டிக்கு உண்டு, அப்போது அவர் தொழிலாளி இல்லையே. பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயம் 2017-ல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வட்டி 2021-22-க்கு 8.1%, 2022-23-க்கு 8.15%. வேறு பெரிய வருமானம் இல்லையென்றால் வரி வராமல் போகலாம், ஆனால் ரிட்டர்னில் காட்டுவது நல்லது.

மறைமலை_மணி | ஜூலை 10

ஐயா, எங்க கார் ஆலையில 2022-ல உற்பத்தி நின்னுபோச்சு. நான் சேர்ந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. நாங்களா விடல, அவங்க மூடினாங்க. எங்களுக்கும் இந்த வரி உண்டா?

மதுரை_வரிக்கணக்கு | ஜூலை 10

இல்லை மணி. உடல்நலம் கெட்டு வேலை போனாலோ, நிறுவனம் தொழிலைச் சுருக்கினாலோ மூடினாலோ, தொழிலாளியின் கையில் இல்லாத வேறு காரணத்தால் வேலை முடிந்தாலோ ஐந்து வருஷக் கணக்கு பார்க்கக் கூடாது. அதே நான்காவது அட்டவணையின் 8-ஆம் விதியிலேயே இருக்கிறது. ஆனால் யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) தளத்தில் விலகிய காரணம் என்று கம்பெனி என்ன பதிந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். ராஜினாமா மாதிரி பதிந்திருந்தால் பிடித்திருப்பார்கள். நிறுவனம் கொடுத்த பணிமுடிப்புக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் உங்கள் ஆதாரம். உங்கள் கூட வேலை பார்த்தவர்களுக்கும் சொல்லுங்கள்.

ஓசூர்_லேத் | ஜூலை 11

நானும் கேட்டுக்கிறேன் ஐயா. முதல் கம்பெனியில மூணு வருஷம், இப்ப இருக்கிற கம்பெனியில ரெண்டு வருஷம் ஏழு மாசம். ரெண்டுக்கும் ஒரே யு.ஏ.என்., ஆனா பழைய பணம் அங்கேயே கிடக்கு. செப்டம்பர்ல பஹ்ரைன் போறேன், வேலையை விட்டதும் எடுத்துடலாம்னு இருந்தேன். 15ஜி போட்டா போதும்னு ஃப்ரெண்டு சொல்றான். இன்னொரு பிரச்சினை, ஆதார்ல எனக்கு இனிஷியல் மட்டும் இருக்கு, பான்ல அப்பா பேரு முழுசா இருக்கு. பி.எஃப்.-ல பான் ஏறவே மாட்டேங்குது.

மதுரை_வரிக்கணக்கு | ஜூலை 11

தம்பி, எடுப்பதற்கு முன்னால் கேட்டீர்களே, ரொம்பச் சந்தோஷம்.

பான் ஏறாமல் எடுத்தால் 10% அல்ல, 20% போகும். 2023 மார்ச் வரை அது 34.608% ஆக இருந்தது. நம் ஊரில் இனிஷியலும் அப்பா பெயரும் படுத்தும் பாடு இந்த இடத்தில் நேராகப் பணமாகவே போகிறது. ஆதாரில் உள்ள மாதிரியே பானில் பெயரைத் திருத்த இப்போதே விண்ணப்பம் போடுங்கள். பி.எஃப். பதிவில் பெயர் தவறு என்றால் கம்பெனியோடு சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுத்துத் திருத்த வேண்டும். மூன்றும் ஓர் எழுத்து பிசகாமல் ஒத்துப்போக வேண்டும்.

15ஜி உங்களுக்கு ஒத்துவராது. அது இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும், அதுவும் அந்த வருஷம் மொத்த வரி பூஜ்யமாக இருக்கிறவர்களுக்கு. 60 வயதுக்குக் கீழே என்றால் எடுக்கும் தொகையும் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டக் கூடாது. பொய்யாகக் கையெழுத்துப் போட்டால் 277-ஆம் பிரிவில் தண்டனைக்கு இடம் இருக்கிறது. வெளிநாடு போகிற நேரத்தில் அந்த வம்பு வேண்டாம்.

உங்களுக்கு வழி நேராகவே இருக்கிறது. வேலையில் இருக்கும்போதே பழைய கணக்கை இப்போதைய கணக்குக்கு மாற்றுங்கள். தளத்தில் "ஒரு உறுப்பினர், ஒரு பி.எஃப். கணக்கு" என்ற இடத்தில் கோரிக்கை வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஐந்து வருஷம் ஏழு மாதம். அதன் பிறகு எடுத்தால் பிடித்தமும் இல்லை, வரியும் இல்லை.

ஓசூர்_லேத் | ஜூலை 12

பழைய கம்பெனி விலகின தேதியே போடல ஐயா. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறாங்க.

மதுரை_வரிக்கணக்கு | ஜூலை 12

அதற்குக் கம்பெனியை நம்பியிருக்க வேண்டாம். 2020 ஜனவரியிலிருந்து உறுப்பினரே தளத்தில் விலகிய தேதியைப் பதியலாம். அந்தக் கம்பெனி கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் தாண்டியிருந்தால் போதும், ஆதார் ஓ.டி.பி. வரும். தேதி ஏறியதும் மாற்றக் கோரிக்கையை வையுங்கள். ஒப்புதலுக்கு இப்போதைய கம்பெனியைத் தேர்ந்தெடுக்கலாம், எச்.ஆர்.-இடம் சொல்லி வையுங்கள். பழைய பணம் புதுப் பாஸ்புக்கில் ஏறிவிட்டதா, சர்வீஸ் விவரத்தில் இரண்டு கம்பெனியும் வருகிறதா என்று பார்த்த பிறகே படிவம் 19-க்குப் போங்கள். மாறியதற்கு இணைப்பு-கே என்று ஒரு தாள் இருக்கும், அதையும் வாங்கி வையுங்கள்.

விலகிய பிறகு முழுத் தொகை கைக்கு வருவதற்குள் நீங்கள் பஹ்ரைன் போயிருக்கலாம். ஆதாரில் இணைத்த கைபேசி எண்ணை அங்கேயும் ஓ.டி.பி. வரும்படி உயிரோடு வைத்திருங்கள், இல்லையென்றால் கிளெய்ம் போடவே முடியாது. பென்ஷன் பங்கை 10சி-யில் பணமாக எடுக்கலாம், அல்லது திட்டச் சான்றிதழாக வாங்கினால் ஐந்து வருஷச் சொச்ச சர்வீஸ் பிற்பாடு இந்தியாவில் வேலைக்குச் சேரும்போது தொடரும். பென்ஷனுக்குப் பத்து வருஷம் வேண்டும், உங்கள் வயதுக்கு நான் சான்றிதழையே வாங்கச் சொல்வேன்.